மெரினா மணல் யார் கொண்டுவந்தது? புவிப்புறவியல் கேள்வி பதில்

மலை, ஆறு, கடற்கரை எல்லாம் ஏன் இப்படி இருக்கின்றன என்று ஆராய்வதுதான் புவிப்புறவியல். கேளுங்கள் என்று சொன்னேன், குவித்துவிட்டீர்கள். பாதிக் கேள்வி மணலைப் பற்றி. எனக்கும் அதுதான் பிடிக்கும்.

மெரினா இயற்கையான கடற்கரைதானே, சார்?

மணல் இயற்கை. அகலம் இயற்கையல்ல. பழைய சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டை மதிலுக்குப் பக்கத்திலேயே அலை அடித்திருக்கிறது. இப்போது தண்ணீரில் கால் நனைக்க எவ்வளவு தூரம் நடக்கிறோம்!

நம் கிழக்குக் கரையில் அலை நேராக வந்து மோதுவதில்லை, சாய்வாக வருகிறது. ஏறும்போது மணலைச் சரிவாகத் தள்ளும், இறங்கும்போது நேராக இழுக்கும். இப்படி ஒவ்வோர் அலைக்கும் மணல் கொஞ்சம் பக்கவாட்டில் நகரும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வடக்கே போகும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்பும். ஆண்டுக் கணக்கை முடித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் மிச்சம். அதுவும் லட்சக்கணக்கான கன மீட்டர்.

1870களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பினார்கள். வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் அதில் முட்டி நின்றது. நின்றதெல்லாம் தெற்கே சேர்ந்து மெரினாவை அகலமாக்கியது. துறைமுகம் கட்டியவர்கள் கப்பலுக்குத்தான் திட்டம் போட்டார்கள், நமக்குச் சுண்டல் சாப்பிட இடம் கிடைத்தது.

நான் துறைமுகத்துக்கு வடக்கே, திருவொற்றியூர். உங்களுக்குச் சுண்டல், எங்களுக்கு வீடு போனது. கல் கொட்டியும் ஏன் அரிப்பு நிற்கவில்லை?

நியாயமான கோபம். மெரினாவில் சேர்ந்தது உங்கள் பக்கம் வந்திருக்க வேண்டிய மணல். வரவு நின்றுவிட்டது, அலை மட்டும் செலவை நிறுத்தவில்லை. கல் கொட்டினால் கல்லுக்குப் பின்னால் இருக்கும் தெரு தப்பிக்கும். ஆனால் கல் மணலை உண்டாக்காது. கல்வரிசை முடிகிற இடத்துக்கு வடக்கே அரிப்பு தொடங்கும், அந்த ஊர்க்காரரும் கல் கேட்பார்.

புதுச்சேரியிலும் இதே கதைதான். 1980களின் இறுதியில் துறைமுகச் சுவர் வந்தது, நகரத்துக் கடற்கரை கரைந்து கல்மேடானது. பிறகு 2018-19 வாக்கில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் கடலுக்குள் மூழ்கிய செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்தது, கொஞ்சம் மணல் திரும்பியது. என்னைக் கேட்டால், சுவரின் தெற்கே சேர்வதை அள்ளி வடக்கே போடுவதுதான் நேர்மையான வழி. செலவு ஆண்டுதோறும் வரும் என்பதால் யாருக்கும் பிடிக்காது.

கடலுக்கு மணல் எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் ஆறுகள் கொடுப்பது. மலையில் உடைந்த பாறை, ஆற்றில் உருண்டு, டெல்டாவைக் கடந்து கடலில் சேரும். காவிரியில் 1934இல் மேட்டூர் அணை வந்தபின் வண்டலில் பெரும்பங்கு நீர்த்தேக்கத்திலேயே தங்கிவிடுகிறது. மீதியை லாரியில் அள்ளுகிறோம். அப்புறம் கடல் ஊருக்குள் வருகிறது என்கிறோம்.

திருச்செந்தூர் பக்கம் தேரி என்கிற மணல்மேடுகளில் மணல் ஏன் இவ்வளவு சிவப்பு? கடல் மணல் வெள்ளையாகத்தானே இருக்கிறது?

மணிக்குள் சிவப்பு கிடையாது, மேல்பூச்சுதான். ஒவ்வொரு மணல்மணியின் மேலும் இரும்பு ஆக்சைடு மெல்லிய தோலாகப் படிந்திருக்கிறது. ஆய்வகத்தில் அமிலத்தில் கொதிக்கவைத்துக் கழுவினால் உள்ளே வெளிறிய குவார்ட்ஸ் தெரியும். ஒருமுறை வகுப்பில் செய்து காட்டினேன், மாணவர்கள் நான் மணலை மாற்றிவிட்டதாகவே நினைத்தார்கள்.

இதைக் குவித்தது காற்று. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்றுகிறதே, ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக வரும் அந்த மேல்காற்று. நாங்குநேரிப் பக்கத்துச் செம்மண் நிலத்திலிருந்து வாரிவந்து கரைக்கு முன்னால் கொட்டியது என்பது நெடுநாளைய விளக்கம். பனையும் முந்திரியும் பிடித்து வைத்திருக்கும் இடத்தில் மணல் அடங்கி நிற்கும். மரம் போனால் ஆடி மாதம் மறுபடி நடக்கத் தொடங்கும்.

குன்னூரில் சரிவில் வீடு. மண்சரிவுக்கு முன்னறிகுறி உண்டா?

உண்டு. நிமிர்ந்து நின்ற மரம் சாய்வது, தரையில் பிறை வடிவ வெடிப்பு, கதவு திடீரென நிலையில் இறுகி மாட்டிக்கொள்வது, இதுவரை கசியாத இடத்தில் நீர் கசிவது. நீலகிரியில் பாறை உறுதியானது, மேலே இருக்கும் சிதைந்த மண்தான் தடிமனானது. நீர் புகுந்தால் அதன் பிடி தளரும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டி, மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சாலைக்காகவோ வீட்டுக்காகவோ சரிவின் அடியை வெட்டியிருந்தால் பெருமழை இரவில் அங்கே தூங்காதீர்கள்.

பரங்கிமலை அணைந்த எரிமலையா?

இல்லை. அது சார்னோகைட், பூமிக்குள் 20 கிலோமீட்டருக்கும் கீழே வெந்து உருமாறிய பாறை. வயது சுமார் 250 கோடி ஆண்டு. மேலே இருந்ததெல்லாம் தேய்ந்து போனதால் வெளியே தெரிகிறது. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறை இதே பாறையால் ஆனது என்பதைப் பார்த்து 1893இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பெயரை வைத்தார். ஆக, சென்னைக் கல்லுக்குக் கொல்கத்தாக்காரர் பெயர்.

மகள் ஏழாம் வகுப்பு, கல்லும் மண்ணுமாகப் பொறுக்கி வருகிறாள். எங்கே கூட்டிப் போகலாம்?

பெரம்பலூர் மாவட்டம் காரை. வெறும் களிமண் மேடுகள்தான், மழை கீறிய ஓடைகள் நூற்றுக்கணக்கில் பார்க்கலாம். ஜிப்சம் வெயிலில் கண்ணாடித்துண்டு போல மின்னும். பத்துக் கோடி ஆண்டுக்கு முன் அது கடலடி. கணவாய் மீனின் உறவான பெலம்னைட்டின் எச்சம் துப்பாக்கிக் குண்டு வடிவத்தில் கிடக்கும். ஒரு பத்து மடங்கு லென்ஸ் வாங்கிக் கொடுங்கள், சுத்தியல் வேண்டாம். படம் எடுத்துவிட்டுக் கல்லை அங்கேயே விடச் சொல்லுங்கள். தை, மாசியில் போங்கள், ஐப்பசியில் போனால் அந்தக் களிமண் செருப்பைத் திருப்பித் தராது.