டீச்சரைக் கேளுங்க: "லீடர், பேசுறவங்க பேரை எழுது!"

(போன இதழ்ல, கிளாஸ்ல பிள்ளைங்க ஒருத்தருக்கொருத்தர் பிரியமா இருக்க என்ன பண்ணலாம், உங்க கேள்வியை அனுப்புங்கன்னு சொல்லியிருந்தோம். மூட்டையா வந்து விழுந்துடுச்சு. முப்பத்தொரு வருஷம் ஆரம்பப் பள்ளியில சாக்பீஸ் பிடிச்ச நம்ம டீச்சர், அதுல சிலதுக்குப் பதில் சொல்றாங்க.)

என் பையன் ரெண்டாங் கிளாஸ். ஸ்கூல்ல 'அன்பு சார்ட்'னு ஒண்ணு ஒட்டியிருக்காங்க, யாருக்காவது உதவி செஞ்சா ஒரு ஸ்டார், பத்து ஸ்டார் சேந்தா பென்சில் டப்பா. இப்ப வீட்ல பாட்டிக்குத் தண்ணி கொண்டு போய்க் குடுத்தாக்கூட "இதுக்கு எத்தனை ஸ்டார்?"னு கேக்குறான். இது சரியா டீச்சர்?
– ஒரு அம்மா, ஈரோடு

சரியில்லம்மா. ஆனா அந்த மிஸ்ஸைத் திட்டிடாதீங்க, நானும் அதே மாதிரி சார்ட் ஒட்டுனவதான். மூணாங் கிளாஸ்ல ஒட்டுனேன். மொத வாரம் ஜோரா இருந்துச்சு, பிள்ளைங்க பறந்து பறந்து உதவி செய்யுதுங்க, எனக்கு ஒரே பெருமை. ரெண்டாவது வாரம் இன்டர்வெல்ல ஜன்னல் வழியாப் பாக்குறேன், ஒருத்தன் வேணும்னே தன்னோட பென்சில் டப்பாவைத் தட்டி விடுறான், இன்னொருத்தன் ஓடி வந்து பொறுக்குறான், பொறுக்கிட்டு "மிஸ், நான் எடுத்துக் குடுத்தேன் மிஸ்"னு கத்துறான். கூப்பிட்டு விசாரிச்சா ரெண்டு பேரும் கூட்டு! ஸ்டார் விழ விழ மாத்தி மாத்திப் பங்கு போட்டுக்கிறதா ஒப்பந்தமாம். சிரிப்பை அடக்கிக்கிட்டு அன்னைக்கு சாயங்காலமே சார்ட்டைக் கிழிச்சேன்.

ரொம்ப நாள் கழிச்சுதான் படிச்சேன், இதை ஜெர்மனியில ஆராய்ச்சியாவே பண்ணியிருக்காங்க. ஃபெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் டொமாசெல்லோன்னு ரெண்டு பேர், 2008ல வெளியிட்டது. ஒன்றரை வயசு தாண்டுன, 20 மாசக் குழந்தைங்க முன்னாடி பெரியவங்க ஒருத்தர் ஏதாவது பொருளைக் கீழ போட்டுட்டு எடுக்க முடியாம தவிக்கிற மாதிரி நிப்பாங்க, குழந்தைங்க தத்தித் தத்திப் போய் எடுத்துக் குடுக்கும். சிலதுக்கு விளையாட்டுச் சாமான் பரிசு, சிலதுக்கு வாயால பாராட்டு, சிலதுக்கு ஒண்ணுமே இல்ல. அப்புறம் பரிசை நிறுத்திட்டுப் பாத்தா, பரிசு வாங்கிப் பழகுனதுங்கதான் கம்மியா உதவி செஞ்சுதுங்களாம். அதாவது உதவுற குணம் ஏற்கனவே உள்ள இருக்கு, நாமதான் அதுக்குக் கூலி பேசி வேலையாக்கி விட்டுடுறோம்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துல அந்த பென்சில் டப்பாவை மட்டுமாவது எடுக்கச் சொல்லிப் பாருங்க. வீட்ல "குட் பாய்"னு சொல்றதுக்குப் பதிலா நடந்ததைச் சொல்லுங்க: "நீ தண்ணி குடுத்ததும் பாட்டிக்கு இருமல் நின்னுச்சு பாத்தியா?" அவ்ளோதான், அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம். அவன் பாட்டியைப் பாக்கணும், உங்க மூஞ்சியைப் பாக்கக் கூடாது.

நான் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. ஆறாங் கிளாஸ்ல ஒரு பொண்ணுக்குத் திக்குவாய். அவ எந்திரிச்சாலே பின்னாடி பெஞ்சுல சிரிப்பு ஆரம்பிச்சுடுது. அட்வைஸ் பண்ணிட்டேன், திட்டிட்டேன், கதைகூட சொல்லிட்டேன். நான் இருக்கிற வரைக்கும் கம்முனு இருக்காங்க, நான் வெளிய போனதும் பழைய கதைதான்.
– விருதுநகர் மாவட்டம்

டீச்சர், உங்க கிளாஸ் எப்படி நடக்குதுன்னு நான் ஊகிச்சுச் சொல்லட்டுமா? நீங்க கேள்வி கேப்பீங்க, தெரிஞ்சவன் "மிஸ் மிஸ் மிஸ்"னு கையைத் தூக்கிக்கிட்டுக் குதிப்பான், தெரியாதவ திணறுவா, அவ திணறத் திணற கை தூக்குனவனுக்குக் குஷி. எங்க கிளாஸும் இப்படித்தான் நடந்துச்சு. இந்த ஏற்பாட்டுல அடுத்தவ தோத்தாதான் நமக்கு சான்ஸு. இதை வெச்சுக்கிட்டு அன்பைப் பத்தி எவ்வளவு பேசினாலும் ஏறாது.

1971ல அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலம், ஆஸ்டின் நகரத்துல இதே சிக்கல், இன்னும் மோசமா. அதுவரைக்கும் தனித்தனி ஸ்கூல்ல படிச்ச வெள்ளைக்கார, கறுப்பின, மெக்சிகன் வழிப் பிள்ளைங்களை ஒரே கிளாஸ்ல உக்கார வெச்சதும் ஒரே அடிதடி. எலியட் ஆரன்சன்னு ஒரு உளவியல் பேராசிரியரைக் கூப்பிட்டாங்க. அவர் வந்து ஒற்றுமை பத்திப் பிரசங்கம் ஒண்ணும் பண்ணல, பாடம் நடத்துற விதத்தைத்தான் மாத்துனாரு. அஞ்சாறு பேரா பிரிச்சு, ஒரு பாடத்தை அஞ்சாறு துண்டாக்கி, ஆளுக்கு ஒரு துண்டு. மத்தவங்க துண்டு உன் கையில இருக்காது, அவங்க வாயாலதான் கேட்டுக்கணும், கடைசியில முழுப் பாடத்துலயும் டெஸ்ட். இங்கிலீஷ் சரளமா வராத ஒரு பையன் தன் பங்கைச் சொல்லத் திணறுனப்ப மத்ததுங்க கிண்டல் பண்ணுச்சுங்க, கூட இருந்த ஆரன்சனோட உதவியாளர் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: கிண்டல் பண்ணு, பரவால்ல, ஆனா அவன்கிட்ட இருக்கிறது உனக்குத் தெரியாது, இன்னும் கொஞ்ச நேரத்துல டெஸ்ட். அதுக்கப்புறம் அதே பிள்ளைங்க அவன்கிட்ட பக்குவமா, சின்னச் சின்னதாக் கேள்வி கேட்டு விஷயத்தை வாங்கப் பழகிடுச்சுங்க.

நம்ம ஊருக்கு இப்படிச் செய்யலாம். வேலு நாச்சியாரை எடுத்துக்குங்க. ஒருத்திக்கு ராமநாதபுரத்துல வளந்தது, ஒருத்தனுக்கு 1772ல காளையார்கோவில் சண்டையில முத்துவடுகநாதர் இறந்தது, ஒருத்திக்கு திண்டுக்கல் பக்கம் விருப்பாச்சியில இருந்துக்கிட்டு ஹைதர் அலியோட உதவியைக் கேட்டது, ஒருத்தனுக்கு குயிலி, கடைசி ஆளுக்கு 1780ல சிவகங்கையைத் திரும்பப் பிடிச்சது. உங்க பொண்ணுக்கு அந்த விருப்பாச்சித் துண்டைக் குடுங்க. அது இல்லன்னா எல்லாத்தையும் இழந்துட்டுப் போன ராணிக்கு உதவி எங்கேர்ந்து வந்துச்சுன்னே மத்தவங்களுக்குப் புரியாது, தானா அவளைக் கேப்பாங்க.

ரெண்டு விஷயம் மட்டும் கவனிச்சுக்குங்க. மொதல்ல, குழுவுல சொல்றதுக்கு முன்னாடி அதே துண்டு வெச்சிருக்கிற வேற குழுப் பிள்ளைங்களோட உக்கார வெச்சு சேந்து வாய்விட்டுப் படிக்க விடுங்க. திக்குற பிள்ளைங்களுக்குப் பலரோட சேந்து படிக்கும்போது வார்த்தை பெரும்பாலும் தடங்காம வரும், அந்தத் தெம்போட குழுவுக்குப் போவா. அடுத்து, அவ பேசும்போது நீங்க வார்த்தையை முடிச்சுக் குடுக்காதீங்க, "மூச்சை இழுத்து மெதுவாச் சொல்லும்மா"ன்னும் சொல்லாதீங்க, சும்மா அவ கண்ணைப் பாத்துக்கிட்டுக் காத்திருங்க. நீங்க காத்திருக்கிறதைப் பாத்துதான் மத்ததுங்க காத்திருக்கக் கத்துக்கும். ஒரு தடவை பண்ணிட்டு விட்டுடாதீங்க, வாரத்துக்கு ரெண்டு பீரியடாவது ஒரு டெர்ம் பூரா ஓட்டணும். மொத ரெண்டு வாரம் சந்தைக்கடை மாதிரி இருக்கும், ஹெச்.எம். எட்டிப் பாத்து முறைப்பாரு, பாடம்தான் நடக்குது சார்னு சொல்லிடுங்க.

சண்டை போட்ட பிள்ளைங்களை ஸாரி சொல்ல வைக்கலாமா?
– சேலம்

வைக்கலாம், கிளியைக்கூட சொல்ல வைக்கலாம். நோட்டைக் கிழிச்சவன் ஸாரி சொல்றதைவிட பசை வாங்கிட்டு வந்து உக்காந்து ஒட்டிக் குடுத்தா நல்லது. மத்தபடி கா விடுறதும் பழம் விடுறதும் அதுங்களுக்குள்ள அஞ்சு நிமிஷ சமாச்சாரம், நாம நடுவுல போய்ப் பஞ்சாயத்து வெச்சாதான் அது அஞ்சு நாளாகுது.

என் பொண்ணு ஏழாங் கிளாஸ். கிளாஸ்ல ஒரு பொண்ணை நாலு பேர் சேந்து ஒதுக்குறாங்களாம், கூட உக்கார மாட்டாங்களாம், டிபன் பாக்ஸைத் திறந்தா மூக்கைப் பொத்துவாங்களாம். என் பொண்ணு எதுலயும் இல்ல, ஆனா வீட்டுக்கு வந்து அழுறா. "நமக்கெதுக்கும்மா வம்பு, நீ உன் படிப்பைப் பாரு"ன்னு சொல்லிட்டேன். சொன்னதுலேர்ந்து மனசு உறுத்துது.
– ஒரு அப்பா, கோயம்புத்தூர்

உறுத்துறது நல்லதுங்க சார். அந்த நாலு பேர் மூக்கைப் பொத்துறது அந்தப் பொண்ணுக்காக இல்ல, பாத்துக்கிட்டிருக்கிற மிச்ச முப்பத்தஞ்சு பேருக்காக. பாக்க ஆள் இல்லாத கூத்து எத்தனை நாள் ஓடும்? பின்லாந்துல துர்கு பல்கலைக்கழகம் உருவாக்குன கிவான்னு ஒரு திட்டம் இதே கணக்குலதான் நடக்குது, 2009லேர்ந்து அந்த நாடு முழுக்க ஸ்கூல்களுக்குப் போச்சு. கிவான்னா அவங்க பாஷையில நல்லா இருக்கு, ஜாலியா இருக்குன்னு அர்த்தம். வம்பு பண்றவனைத் திருத்துறதோட நிக்காம, வேடிக்கை பாக்குற கூட்டத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்தப் பாக்குறது.

உங்க பொண்ணு போய் அந்த நாலு பேரை எதிர்த்து டயலாக் பேச வேண்டியதில்ல, அது சினிமா. நாளைக்கு மத்தியானம் தன் டிபன் பாக்ஸைத் தூக்கிட்டுப் போய் அந்தப் பொண்ணு பக்கத்துல உக்காந்து "உங்க வீட்ல என்ன குழம்பு?"னு கேட்டாப் போதும். தனியாப் போகப் பயமா இருந்தா ஒரு தோழியைக் கூட்டிக்கட்டும், ரெண்டு பேராப் போனா பயம் பாதியாயிடும். நீங்களும் "அப்பா அன்னைக்குச் சொன்னது தப்பும்மா"ன்னு ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிடுங்க. கிளாஸ் டீச்சர்கிட்ட தனியாப் பேசுங்க, உங்க பொண்ணு பேரு வெளிய வராம.

யூடியூப்ல பாத்தேன், கண்ணு நிறத்தை வெச்சுப் பிள்ளைங்களைப் பிரிச்சு ஒரு அமெரிக்க டீச்சர் பாடம் எடுத்தாங்களாமே, நாமளும் செஞ்சு பாக்கலாமா?
– ஒரு பயிற்சி ஆசிரியர், திருச்சி

ஜேன் எலியட். அயோவா மாநிலம் ரைஸ்வில்லுங்கிற சின்ன ஊர், 1968 ஏப்ரல், மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுக் கொன்ன மறுநாள், மூணாங் கிளாஸ். ஒரு நிறக் கண்ணு உசத்தி, இன்னொண்ணு மட்டம்னு சொன்னதும் கொஞ்ச நேரத்துலயே பிள்ளைங்க அப்படியே நடந்துக்க ஆரம்பிச்சுடுச்சு, அப்புறம் மாத்தி வெச்சாங்க. ஒதுக்குறதுன்னா என்னன்னு தெரியாத வெள்ளைக்கார ஊர்ப் பிள்ளைங்களுக்காக அவங்க யோசிச்சது அது. நம்ம கிளாஸ்ல பாதிக்கு அது வீட்டுக்கு வெளிய தெருவுலயே நடக்குது தம்பி, அதுங்களை எதுக்கு மறுபடியும் அழ வைக்கணும்? வேண்டாம்.

எங்க ஸ்கூல்ல பசங்க கலர் கலரா கயிறு கட்டிட்டு வர்றாங்க, கலரைப் பாத்தாலே எந்தத் தெருன்னு தெரியும். அவுக்கச் சொன்னா சாமி கயிறுங்குறாங்க. கிளாஸ் டீச்சரா நான் என்ன பண்ண முடியும்?
– திருநெல்வேலி மாவட்டம்

2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில பன்னெண்டாவது படிச்ச ஒரு பையனையும் அவன் தங்கச்சியையும் கூடப் படிச்ச பசங்களே சாதியைக் காரணமா வெச்சு வீடு புகுந்து வெட்டினதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அதுக்கப்புறம் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவைத் தனிநபர் கமிட்டியாப் போட்டாங்க, 2024 ஜூன்ல அறிக்கை குடுத்தாரு. கயிறு, மோதிரம் கூடாது, அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர்ல சாதி விவரம் இருக்கக் கூடாது, அகர வரிசையில உக்கார வைக்கணும்னு நிறையப் பரிந்துரை. கயிறு விஷயத்தை நீங்க ஒத்தையாத் தலையில சுமக்காதீங்க, ஹெச்.எம்., பள்ளி மேலாண்மைக் குழு எல்லாரையும் சேத்துக்கிட்டுச் செய்ங்க, உங்க பாதுகாப்பும் முக்கியம்.

உங்க கையில முழுசா இருக்கிறது உங்க கிளாஸ் ரூம். அதுல ஒண்ணு சொல்றேன், சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. வேலைக்குச் சேந்து ஆறாவது வருஷமோ என்னமோ, தினமும் மத்தியானம் எனக்குக் குடிக்கத் தண்ணி எடுத்துட்டு வர ஒரு பிள்ளையை அனுப்புவேன். ஒரு நாள் அஞ்சாங் கிளாஸ் பொண்ணு, ரெட்டை ஜடை, எந்திரிச்சு நின்னு கேட்டா: "மிஸ், என்னைக் கூட்டச் சொல்றீங்க, போர்டு துடைக்கச் சொல்றீங்க, தண்ணி மட்டும் எடுத்துட்டு வரச் சொல்லவே மாட்டீங்கறீங்க, ஏன் மிஸ்?" கோவமாக் கேக்கல, நிஜமாவே தெரியாமக் கேட்டா. எனக்குத் தொண்டை அடைச்சுருச்சு. நான் யோசிச்சு ஒண்ணும் பண்ணல டீச்சர், யோசிக்காமப் பண்ணதுதான் அது, ஆனா கிளாஸ்ல முப்பது பிள்ளைங்களும் தினமும் பாத்துக்கிட்டே இருந்திருக்குங்க. மறுநாள்லேர்ந்து கூட்டுறது, தண்ணி, சாவி எல்லாத்துக்கும் ரோல் நம்பர் வரிசையில முறை போட்டு சுவத்துல ஒட்டிட்டேன், ரிட்டயர் ஆகுற வரைக்கும் அதை மாத்தல. நீங்களும் இந்த வாரம் யாரை எந்த வேலைக்கு அனுப்புறீங்கன்னு ஒரு பேப்பர்ல சும்மா குறிச்சுப் பாருங்க.

நான் அஞ்சாங் கிளாஸ் லீடர். மிஸ் வெளிய போறப்ப பேசுறவங்க பேரை போர்டுல எழுதச் சொல்வாங்க. எழுதுனா என் ஃப்ரெண்டு கா விட்டுடுறா. எழுதலைன்னா மிஸ் திட்டுறாங்க. நான் என்ன செய்யட்டும் டீச்சர்?
– ஒரு குட்டி வாசகி, தஞ்சாவூர்

அடி தங்கம், இந்த வேலையை உன் வயசுப் பிள்ளைங்க எத்தனை பேர் தலையில நான் கட்டியிருக்கேன் தெரியுமா? பேரு எழுதி, பக்கத்துல பெருக்கல் குறி போட்டு, ரொம்பப் பேசுனா ரெண்டு பெருக்கல் குறி. லீடருக்கு வேண்டாதவங்க வாயே திறக்காம மூணு பெருக்கல் குறி வாங்குனதையும் பாத்திருக்கேன். தப்பு உன் மேல இல்ல, உன் ஃப்ரெண்டு மேலயும் இல்ல.

மிஸ் நல்ல மூட்ல இருக்கிறப்ப போய், "மிஸ், பேரு எழுதுறதுக்குப் பதிலா நீங்க வர்ற வரைக்கும் நான் எல்லாருக்கும் விடுகதை போடவா?"ன்னு கேளு. சரின்னுட்டாங்கன்னா எனக்கு ஒரு கார்டு போடு, நாலு நல்ல விடுகதை அனுப்பி வைக்கிறேன். முடியாதுன்னுட்டாங்கன்னா மொதல்ல உன் பேரை எழுது. நீயும்தானே பேசுன?