“அது பக் இல்லை, ஃபீச்சர்” என்று சொன்னால் என்ன செய்வது?

கேள்வி: கணக்கு வழக்குக்காக ஆண்டுச் சந்தா கட்டி ஒரு ஸ்ப்ரெட்ஷீட் மென்பொருள் வாங்கினேன். 16 இலக்க எண்ணை அடித்தால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடுகிறது. 00452 என்ற சரக்குக் குறியீடு வெறும் 452 என்று நிற்கிறது. 3-4 என்று அடித்தால் தேதியாக மாறிவிடுகிறது. புகார் செய்தால் “இது பக் இல்லை, ஃபீச்சர்” என்று பதில் வருகிறது. பக் என்று நிரூபித்தால்தான் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா?

பதில்: நிரூபிக்க வேண்டியதில்லை. அந்த வாதத்தில் இறங்கவே வேண்டாம், அதில் நீங்கள் ஜெயிக்க முடியாது. மென்பொருள் எழுதுகிறவர்களின் கணக்குப்படி, திட்டமிட்டதற்கு மாறாக நடந்தால் அது பக். திட்டமிட்டபடி நடந்தால், உங்களுக்கு எவ்வளவு எரிச்சல் வந்தாலும் அது பக் இல்லை. திட்டம் போட்டவர்களே தீர்ப்பும் சொல்கிறார்கள்.

பக்குக்கும் ஃபீச்சருக்கும் நடுவே உள்ள கோடு எவ்வளவு சுலபமாக நகரும் என்பதற்கு எக்செல்லே சாட்சி. 1900 லீப் வருடம் இல்லை. ஆனால் 1980களில் கொடிகட்டிப் பறந்த லோட்டஸ் 1-2-3 என்ற ஸ்ப்ரெட்ஷீட் மென்பொருள் அதை லீப் வருடமாகவே எண்ணியது. பின்னால் வந்த எக்செல், லோட்டஸ் கோப்புகளில் இருக்கும் தேதிகள் பிசகிவிடக் கூடாது என்று அந்தத் தவறைத் தெரிந்தே வைத்துக்கொண்டது. எக்செல்லுக்குத் தேதி என்பது 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்து எண்ணும் நாள் கணக்கு. இன்றைக்கும் அதில் 60 என்று அடித்து தேதி ஃபார்மட்டுக்கு மாற்றிப் பாருங்கள். 1900 பிப்ரவரி 29 என்று, நம் காலண்டரில் இல்லாத ஒரு நாள் வந்து நிற்கும். லோட்டஸில் பக்காக இருந்தது எக்செல்லில் வேண்டுமென்றே செய்த ஏற்பாடாகிவிட்டது.

உங்கள் மூன்று புகார்களுக்கும் காரணம் வேறு வேறு. எண்களை 64 பிட்டில் சேமிக்கும் வழக்கமான முறையில் 15 இலக்கம் வரைதான் துல்லியத்தை நம்பலாம். அதனால் எக்செல் போன்றவை 16வது இலக்கத்தை 0 ஆக்கிவிடுகின்றன. முன்னால் இருக்கும் சைபர்கள் போவதற்குக் காரணம், எண் என்று பார்த்தால் 00452-ம் 452-ம் ஒன்றுதான். தேதி விவகாரம் மட்டும் நிஜமாகவே ஃபீச்சர். நீங்கள் தேதிதான் அடிக்க நினைத்தீர்கள் என்று அது ஊகிக்கிறது.

ஊகிக்கட்டும், தப்பில்லை. ஆனால் நான் அடித்ததை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாற்றுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. மரபணு ஆய்வாளர்கள் இதில் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. செப்ட்1, மார்ச்1 என்று சுருக்கப் பெயர் கொண்ட மரபணுக்களை எக்செல் செப்டம்பர் 1, மார்ச் 1 என்று தேதியாக்கிக்கொண்டே இருந்தது. ஆய்வுக் கட்டுரைகளோடு வெளியான பட்டியல்களிலேயே அந்தப் பிழைகள் ஏறின. கடைசியில் மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழு 2020-ல் மரபணுக்களின் பெயரையே மாற்றியது. இப்போது அவை செப்டின்1, மார்ச்எஃப்1. இந்தத் தானியங்கி மாற்றத்தை அணைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் கொடுத்தது 2023-ல்.

சரி, உங்கள் பணத்துக்கு வருவோம். பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் மென்பொருளையும் உள்ளே கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2022 முதல் அப்படிப்பட்ட விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. சொன்னபடி இருக்கிறதா, வாங்கிய நோக்கத்துக்கு உதவுகிறதா, சாதாரணமாக ஒருவர் எதிர்பார்க்கும் தரம் இருக்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் புகாரை இந்த வரிசையிலேயே எழுதுங்கள். “விளம்பரத்தில் இப்படிச் சொன்னீர்கள், நான் இதற்காக வாங்கினேன், இப்படி நடக்கிறது” என்று ஸ்கிரீன்ஷாட்டோடு அனுப்புங்கள். பக் என்ற சொல்லே வர வேண்டாம். இந்த நடத்தை எங்கே எழுதப்பட்டிருக்கிறது, எப்படி அணைப்பது என்று எழுத்தில் பதில் கேளுங்கள்.

ஆனாலும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், இந்த விஷயத்தில் ரீஃபண்ட் கிடைப்பது கடினம். அந்த நெடுவரிசையை முதலிலேயே டெக்ஸ்ட் ஃபார்மட்டுக்கு மாற்றிவிட்டு அடித்தால் மூன்று தொல்லையும் போய்விடும், அதைத்தான் அவர்களும் சொல்வார்கள். அடித்த பிறகு மாற்றிப் பயனில்லை. குறியீடுகள் எல்லாம் ஒரே நீளம் என்றால் போன சைபர்களைத் திரும்பக் கொண்டுவரலாம். 16வது இலக்கம் போனது போனதுதான், மூல ஆவணத்தைப் பார்த்து மறுபடி அடிக்க வேண்டும். வேறு இடத்திலிருந்து வரும் சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துப் பட்டியல்) டபுள் கிளிக் செய்து திறக்காதீர்கள். இம்போர்ட் வழியாகப் போய் அந்த நெடுவரிசைக்கு டெக்ஸ்ட் என்று தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: புது டிவியில் எந்தப் படம் போட்டாலும் வீடியோ கேமராவில் எடுத்த சீரியல் மாதிரி தெரிகிறது. பேனலில் குறையா? மாற்றித் தரச் சொல்லலாமா?

பதில்: பேனல் நன்றாகத்தான் இருக்கும். சினிமா பெரும்பாலும் நொடிக்கு 24 ஃபிரேம். உங்கள் டிவி நொடிக்கு 60 அல்லது 120 தடவை படத்தைப் புதுப்பிக்கிறது. இடைவெளியை நிரப்ப, இல்லாத ஃபிரேம்களைத் தானே தயாரித்துச் செருகுகிறது. விளையாட்டுப் போட்டிக்கு அது நல்லது, சினிமாவுக்குக் கேடு. 2018 டிசம்பரில் நடிகர் டாம் குரூஸ் இதை அணைக்கச் சொல்லி ஒரு வீடியோவே வெளியிட்டார். அடுத்த ஆண்டு, இந்தச் செருகலை அணைத்துவிடும் ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ என்ற டிவி செட்டிங் அறிவிக்கப்பட்டது. உங்கள் டிவியில் அது இருந்தால் அதையே போடுங்கள். இல்லையென்றால் பிக்சர் செட்டிங்ஸில் ட்ரூமோஷன், மோஷன்ஃப்ளோ, ஆட்டோ மோஷன் பிளஸ் என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் ஒளிந்திருக்கும், அணைத்துவிடுங்கள். மாற்றித் தரக் கேட்க இதில் இடமில்லை. ஆனால் இதை ஆன் செய்தே விற்பது தவறு என்றுதான் நான் நினைக்கிறேன்.

கேள்வி: கார் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது போனில் ஜிபிஎஸ் 95 என்கிறது. எது பொய்?

பதில்: மீட்டர்தான் கூட்டிச் சொல்கிறது, விதியே அப்படி. ஐநா ஒழுங்குமுறை எண் 39-ன்படி மீட்டர் நிஜ வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், நிஜ வேகத்தில் 10 சதவீதமும் அதோடு 4 கிலோமீட்டரும் வரை. குறைத்துக் காட்டினால் உடனே சர்வீஸுக்குப் போங்கள். டயர் அளவை மாற்றியிருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள்.

கேள்வி: ஐபோனை இரவு சார்ஜில் போட்டால் 80 சதவீதத்தில் நின்றுவிடுகிறது. பேட்டரி போய்விட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. முழு சார்ஜில் நெடுநேரம் இருந்தால் லித்தியம் அயான் பேட்டரி சீக்கிரம் முதுமையடையும். அதனால் 2019-ல் வந்த ஐஓஎஸ் 13 முதல், நீங்கள் எழும் நேரத்தைப் பழகிக்கொண்டு அதுவரை 80-ல் நிறுத்திவைக்கிறது.

இதே ஆப்பிள், 2017-ல் ஒரு அப்டேட் வழியாகப் பழைய பேட்டரி உள்ள போன்களின் வேகத்தைக் குறைத்தது. போன் திடீரென அணைந்துபோகாமல் காப்பதற்கு என்பது அவர்கள் சொன்ன காரணம், அதில் நியாயமும் இருந்தது. ஆனால் வாங்கியவர்களிடம் தெளிவாகச் சொல்லவில்லை. அப்டேட் போட்டால் போன் மெதுவாகலாம் என்று தெரிவிக்காததற்காகவே பிரான்ஸின் நுகர்வோர் துறை 2020-ல் 2.5 கோடி யூரோ அபராதம் போட்டது. பலர் நல்ல போனைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கியிருப்பார்கள், பேட்டரி மட்டும் மாற்றியிருந்தால் போதும்.

உங்களிடம் இப்போது செட்டிங்ஸில் பேட்டரி பகுதி இருக்கிறது, சொல்லியே செய்கிறார்கள். அங்கே போய் அந்த வசதியை ஒரு நாள் அணைத்துப் பாருங்கள். அப்போதும் 80-ல் நின்றால் போன் சூடாகிறதா என்று தொட்டுப் பாருங்கள், அதிகம் சூடானாலும் சார்ஜ் அங்கே நிற்கும். சூடும் இல்லை, அப்படியும் ஏறவில்லை என்றால் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போங்கள்.