406, கிளைபோர்ன் தெரு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சிகாகோவில் வெள்ளையர் பகுதி வீடு ஒன்றைக் கறுப்பினக் குடும்பம் வாங்குவதில் தொடங்கும் புரூஸ் நோரிஸின் 'கிளைபோர்ன் பார்க்' நாடகத்தை எங்கள் வாசகசாலைக் குழு தமிழில் போடுகிறது. கறுப்பினப் பாத்திரங்களுக்கு முகத்தில் மை பூசலாமா? (கொழிஞ்சாம்பாறை வாசகர்)

பதில்: பூசவே கூடாது. பெர்லினில் ஒரு அரங்கம் கறுப்பினப் பாத்திரத்துக்கு வெள்ளை நடிகையைப் போட்டபோது, நோரிஸே அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆகவே நடிகர்கள் எல்லாரும் தமிழர்கள் என்பதை அனுமதிக் கடிதத்திலேயே எழுதிக் கேளுங்கள்.

இன வேற்றுமையைக் காட்ட மையைவிடக் கூர்மையான கருவி நம் பேச்சிலேயே இருக்கிறது. 1959-இல் நடக்கும் முதல் அங்கத்தில் வெள்ளைக்கார வீட்டுக்காரி பெவ், வேலைக்கு வரும் கறுப்பினப் பெண் ஃபிரான்சினிடம் பாசமாகவே 'நீ, வா, போ' என்று பேசட்டும். ஃபிரான்சின் ஒவ்வொரு வாக்கியத்தையும் 'ங்கம்மா' என்று முடிக்கட்டும். 2009-இல் நடக்கும் இரண்டாம் அங்கத்தில் எல்லாரும் எல்லாரையும் 'நீங்க' என்பார்கள். சண்டை முற்றும் இடத்தில் ஒரே ஒருவர் வாயிலிருந்து 'நீ' தவறி விழ வேண்டும். சின்னப் பிள்ளையைக்கூட 'வாங்க' என்று கூப்பிடும் உங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அந்த ஒரு எழுத்து சுரீரென்று தைக்கும். அதற்கு முன்னால் எங்கேயும் அதை வீணாக்காதீர்கள்.

உட்காரும் இடமும் அப்படித்தான். முதல் அங்கத்தில் ஃபிரான்சினும் அவள் கணவன் ஆல்பர்ட்டும் வாசலை ஒட்டி நிற்கட்டும். இரண்டாம் அங்கத்தில் அதே இரு நடிகர்கள் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். மொத்தம் ஏழு பேர்தான் இரண்டு அங்கத்திலும் வேறு வேறு ஆட்களாக வருகிறார்கள். இது செலவை மிச்சம் பிடிக்கும் ஏற்பாடுதானே என்று நினைத்து இரண்டாம் அங்கத்துக்கு வேறு ஆளைப் போட்டால் நாடகமே போய்விடும்.

கேள்வி: இடைவேளை 15 நிமிடம்தான். அதற்குள் ஒரே வீட்டை 50 வருடம் பழசாக்குவது எப்படி? (மீனாட்சிபுரம் வாசகர்)

பதில்: சுவர்த் தட்டிகளை இருபக்கமும் பயன்படுத்துங்கள். 2×1 அங்குல ரீப்பர்க் கட்டையில் 8×4 அடி சட்டம், இரு பக்கமும் கோராத் துணி. ஒரு பக்கம் 1959, மறு பக்கம் 2009. ஒரே பக்கம் துணி இழுத்து வண்ணம் அடித்தால், காயும்போது துணி சுருங்கிச் சட்டத்தை வளைத்துவிடும்; பிறகு தட்டிகளுக்கு நடுவே வெளிச்சம் ஒழுகும். எனாமல் அடிக்காதீர்கள், விளக்கில் பளபளக்கும், டிஸ்டெம்பர் போதும். தட்டிகளை ஊசி கழற்றும் கீல்களால் இணைத்தால் கழற்றித் திருப்பி மாட்டிவிடலாம். பின்னால் முட்டுக்கட்டை கொடுத்து, அதன் அடியில் மணல் மூட்டை வையுங்கள். பள்ளி மேடையில் காற்று எந்தப் பக்கமிருந்தும் வரும்.

மூன்று விஷயம் மாறினால் போதும்: மரக் கைப்பிடி இருந்த படிக்கட்டுக்கு இரும்புக் கைப்பிடி, கணப்பு அடுப்பின் வாயை அடைத்த செங்கல், தரையில் லினோலியம் என்ற தரைவிரிப்பு. லினோலியத்துக்குப் பழைய வினைல் விரிப்பு சரிப்படும். ஆனால் சுருட்டி வைத்தது ஓரத்தில் எழும்பி நடிகர் காலைத் தட்டும். முந்தின நாளே வெயிலில் விரித்து, நான்கு ஓரமும் இருபக்க டேப் ஒட்டுங்கள். நான்கு பேர், ஆளுக்கு ஒரு வேலை, கடிகாரம் வைத்து மூன்று ஒத்திகை. பன்னிரண்டு நிமிடத்தில் முடியாவிட்டால் ஒரு தட்டியைக் குறையுங்கள்.

கேள்வி: கறுப்பினக் குடும்பம் குடிவரக் கூடாதென்று பணம் கொடுத்துத் தடுப்பதெல்லாம் கற்பனையா? (நகரி வாசகர்)

பதில்: இல்லை. இந்த நாடகத்துக்கு வேர், 1959-இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்குக்கு வந்த லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் 'எ ரெய்சின் இன் தி சன்'. பணம் கொடுக்க வரும் கார்ல் லிண்ட்னர் இரண்டிலும் இருக்கிறான். ஹான்ஸ்பெரியின் அப்பா 1937-இல் சிகாகோவில் வீடு வாங்கியதும், கறுப்பினத்தவருக்கு விற்க மாட்டோம் என்ற அக்கம்பக்கத்தாரின் ஒப்பந்தத்தைக் காட்டி வழக்குப் போட்டார்கள். அந்த ஒப்பந்தம் செல்ல 95 சதவீத உரிமையாளர்கள் ஒப்பியிருக்க வேண்டும். ஒப்பியது ஏறக்குறைய 54 சதவீதம். 1940-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஹான்ஸ்பெரி பக்கம் தீர்ப்புச் சொன்னது, ஆனால் அந்த ஒப்பந்தம் செல்லும் என்று முன்பு வேறொரு வழக்கில் வந்த தீர்ப்பு இவர்களைக் கட்டுப்படுத்தாது என்ற ஒரு நுணுக்கத்தில் மட்டும். இத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாதென்ற தீர்ப்பு 1948-இல்தான் வந்தது. வீட்டு விற்பனையில் பாகுபாட்டைத் தடுத்த சட்டம் 1968-இல்.

'விலை விழுந்துவிடும்' என்று லிண்ட்னர் சொல்வதை வெறும் வில்லத்தனமாக நடிக்க வேண்டாம். கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளைச் சிவப்பில் குறித்து அரசு அமைப்பே வரைபடம் போட்டது. அங்கே வீட்டுக்கடன் கிடைப்பது அரிதாக இருந்தது. அந்தப் பயத்தை வைத்தே தரகர்கள் வெள்ளையரிடம் மலிவாக வாங்கி, கறுப்பினத்தவருக்குத் தவணையில் கொள்ளை விலைக்கு விற்றார்கள். லிண்ட்னர் நிதானமாக, கணக்குப் பேசுகிறவனாக வரட்டும். அப்போதுதான் பயம் வரும்.

கேள்வி: சிகாகோவை விட்டுவிட்டு நம் ஊர்க் கதையாக மாற்றலாமா? இலவசக் காட்சிக்கும் அனுமதி வேண்டுமா? (வேலந்தாவளம் வாசகர்)

பதில்: மாற்றாதீர்கள். 'நீங்க என்ன ஆளுங்க?' என்று கேட்டபிறகே வாடகை சொல்லும் வீட்டுக்காரரை நம் பார்வையாளர் எல்லாருக்கும் தெரியும், அவர்களே பொருத்திக்கொள்வார்கள். அனுமதியைப் பொறுத்தவரை, நுழைவுக் கட்டணம் வாங்காத தொழில்முறையல்லாத குழுவின் காட்சிக்கு 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. மொழிபெயர்ப்பு உரிமை தனி. அதை எழுத்தில் வாங்கிய பிறகே ஒத்திகைக்கு நாள் குறியுங்கள்.