தேக்கு வாங்குமுன் கதவின் தலையைப் பாருங்கள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: நெடுஞ்சாலையோரக் கடையில் 'பழைய கப்பல் தேக்கு' என்று சொன்ன பெஞ்சை வாங்கி மொட்டை மாடியில் போட்டேன். ஒரே வருடத்தில் சாம்பல் நிறமாகிவிட்டது. 'டீக் ஆயில்' தடவச் சொல்கிறார்கள். தடவலாமா?
- காவேரிப்பட்டணம் வாசகர்

பதில்: வெயிலில் கிடந்தால் தேக்கு நரைக்கும். நரைப்பது மேல்தோல் மட்டும்தான், மரம் கெடவில்லை. படகுகளின் தேக்குத் தளத்தைப் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். கடல் தண்ணீர் ஊற்றி, மிருதுவான பிரஷ்ஷால் ரேகைக்குக் குறுக்காகத் தேய்ப்பார்கள். ரேகையோடு தேய்த்தால் மென்மையான பாகம் பெயர்ந்து பலகை வரிவரியாகக் குழிந்துவிடும். உங்களுக்குச் சாதாரணத் தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் போதும்.

'டீக் ஆயில்' தேக்கிலிருந்து எடுத்த எண்ணெய் இல்லை. பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெய், தின்னர், வார்னிஷ் கலந்தது. தடவிய வாரம் பளபளக்கும். மழையும் வெயிலும் பட்டால் சில மாதத்தில் பூஞ்சை பிடித்துக் கறுக்கும். தடவித்தான் ஆக வேண்டுமென்றால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடேறும், சுருட்டிய துணி தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

ஒன்று கேட்கிறேன். கப்பல் தளத்துப் பலகையில் பெரும்பாலும் திருகாணிக் குழியை வட்ட மரத்துண்டால் அடைத்த தடம் இருக்கும். உங்கள் பெஞ்சில் இருக்கிறதா? வாங்கும்போது புரட்டிப் பார்த்தீர்களா?

கேள்வி: வண்டி கழுவும் பிரஷர் பம்பால் தேக்கு கேட்டைக் கழுவலாமா?
- பர்கூர்

பதில்: கூடாது. நார் பிய்ந்துவிடும்.

கேள்வி: வாசக்காலும் கதவும் சேர்த்து 78,000 ரூபாய். நகையை அடகு வைத்துக் கட்டினோம். எட்டே மாதத்தில் ஓரமெல்லாம் குண்டூசித் துளை. காலையில் பார்த்தால் தரையில் மாவு கொட்டிக் கிடக்கிறது. 'மரம்னா அப்படித்தாம்மா' என்கிறார் கடைக்காரர். துண்டுச் சீட்டுதான் கொடுத்தார்.
- பாலக்கோடு வாசகி

பதில்: அப்படித்தான் இல்லை, அம்மா. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். துளை போட்டு மாவு கொட்டுவது மரம் தின்னும் வண்டு. வைரம் பாய்ந்த நடுப்பாகத்தை அந்த வண்டு சீண்டாது. பட்டையை ஒட்டிய வெளிர்மஞ்சள் பாகத்தைத்தான் தின்னும். ஆசாரிகள் அதை 'வெள்ளை' என்பார்கள். இளம் மரத்தில் வெள்ளை அதிகம். அதையே இழைத்து, தேக்கு நிறச் சாயம் ஏற்றி, மேலே மெலமைன் பாலிஷ் அடித்துவிட்டால் எல்லாம் ஒரே நிறம்.

2011-ல் தர்மபுரியில் வீடு கட்டியபோது என் பூஜையறைக் கதவும் இப்படி வந்ததுதான். கடை விளக்கில் தேன் நிறத்தில் மின்னியது. மூன்றாம் வருடம் ஒரு சட்டத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன், அப்பளம் மாதிரி நொறுங்கியது. கதவைக் கழற்றிய பிறகுதான் தலைப்பக்கத்தைப் பார்த்தேன். சாயம் அங்கே ஏறவில்லை. பாதிச் சட்டம் வெள்ளை. வாங்கிய அன்றே ஸ்டூல் போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அதனால் வீடு கட்டுகிற எல்லோரிடமும் சொல்கிறேன்: மரத்தை பாலிஷ் ஏறுமுன் பாருங்கள், வெட்டுமுகத்தைப் பாருங்கள். பாலிஷ் போட்ட கதவுதான் இருக்கிறது என்றால் அதன் தலையையும் அடியையும் செல்போன் வெளிச்சத்தில் பாருங்கள். காட்ட மறுக்கிற கடையில் வாங்காதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: கொட்டும் மாவை ஒரு டப்பாவில் எடுத்து வையுங்கள். துளைகளைத் தேதியோடு படம் எடுங்கள். துண்டுச் சீட்டும் ஆதாரம்தான், பணம் அனுப்பிய வங்கி விவரம் இருந்தால் அதையும் சேருங்கள். கடைக்கு ஸ்பீட் போஸ்ட்டில் புகார் எழுதுங்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். வக்கீல் இல்லாமலே நீங்கள் பேசலாம். விட்டுவிடாதீர்கள் அம்மா.

கேள்வி: நிலைக்கால் ஒன்று 7 அடி நீளம், 5-க்கு 4 அங்குலம். ஒன்றேகால் கன அடி என்று பில் போட்டிருக்கிறார்கள். சரியா?
- ஓசூர்

பதில்: 84 x 5 x 4 = 1,680 கன அங்குலம். ஒரு கன அடிக்கு 1,728. அப்படியென்றால் உங்கள் நிலைக்கால் ஒரு கன அடிகூட இல்லை. அறுப்புச் சேதாரம் சேர்த்தோம் என்பார்கள். முன்கூட்டியே சொன்னார்களா என்று கேளுங்கள். டேப்பை நீங்களே கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் படம் பார்த்து 'பர்மா தேக்கு' உருட்டுக்கு முழுப் பணமும் அனுப்பினேன். இப்போது போனை எடுப்பதில்லை.
- பென்னாகரம்

பதில்: படத்தைப் பார்த்தா மரம் வாங்குவது? உருட்டு மர ஏற்றுமதியை மியன்மார் 2014 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. முழுப் பணத்தையும் கேட்டபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். இதைப் படித்து முடிக்குமுன் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். நேரம் போகப் போகப் பணம் கைமாறிவிடும்.

கேள்வி: தாத்தா காலத்துத் தேக்கு ஊஞ்சல். பாலிஷ்காரர் மெஷினில் சுரண்டிவிட்டு பி.யூ. (பாலியூரித்தேன் பூச்சு) அடிக்கலாம் என்கிறார்.
- அரூர்

பதில்: அவசரப்படாதீர்கள். பலகையைப் புரட்டி, அடிப்பக்கம் ஒரு மூலையில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்துப் பாருங்கள். மேல்பூச்சு இளகிப் பிசுபிசுத்தால் அது பழைய அரக்கு பாலிஷ். சுரண்டவே வேண்டாம், ஸ்பிரிட்டால் துடைத்து அதே பாலிஷை மறுபடி ஏற்றலாம். இளகாவிட்டால் 120, பிறகு 220 நம்பர் உப்புத்தாள், கையாலேயே, ரேகையோடு. பூச்சு அடிக்குமுன் தின்னரால் ஒருமுறை துடைக்கச் சொல்லுங்கள். தேக்கின் சொந்த எண்ணெய் மேலே நின்றால் பூச்சு சரியாகப் பிடிக்காது.