பெரியம்மாவின் புரோச்சும் அப்பத்தாவின் அட்டிகையும்: எதை விற்கலாம், எதை உருக்கக் கூடாது

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய பெரியம்மா மதுரையில் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர், கல்யாணம் செய்துகொள்ளாமலே இருந்தவர். அவர் காலமான பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தால் உள்ளே இலை வடிவத்தில் ஒரு புரோச். பின்பக்கம் சின்னதாகக் கிரீடமும் 'டிரைஃபாரி' என்று ஆங்கிலத்தில் பெயரும். 'கோரோ' என்று பொறித்த ஒரு ஜோடி கிளிப் தோடு. கொக்கியில் 'செக்கோஸ்லோவாக்கியா' என்று இருக்கிற சிவப்புக் கண்ணாடி மணிமாலை. அடியில் துணியில் முடிந்து அப்பத்தாவின் சிவப்புக்கல் அட்டிகையும் ஒரு ஜோடி தண்டட்டி என்ற பழைய காதணியும். நகைக்கடை பஜாரில் காட்டியபோது, முதல் மூன்றும் கவரிங்தான், பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுங்கள் என்றார்களாம். அட்டிகையையும் தண்டட்டியையும் கல், அரக்கு கழித்து எடைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்றார்களாம். இந்தக் கம்பெனிகள் யார், இவற்றுக்கு மதிப்பு உண்டா, பழையதை உருக்கிப் புதிதாகச் செய்துகொள்ளலாமா என்பது கேள்வி.

உருக்குவதை மட்டும் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். மற்றதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கடைக்காரர் சொன்னது உலோகத்தைப் பொறுத்தவரை சரிதான். புரோச்சில் தங்கம் என்பது மேல்பூச்சு மட்டுமே, உரைகல்லில் தேய்த்தால் ஒன்றும் நிற்காது. ஆனால் இந்த வகை நகையை யாரும் எடைக்கு வாங்குவதில்லை, பின்னால் இருக்கிற பெயருக்கும் வேலைக்கும்தான் வாங்குகிறார்கள். இதைக் காஸ்ட்யூம் ஜுவல்லரி என்பார்கள். தங்கம், வைரம் என்று நடிக்காமல், அழகுக்காக மட்டும் வெள்ளை உலோகத்திலும் கண்ணாடிக் கல்லிலும் செய்தது.

டிரைஃபாரி அதில் பெரிய பெயர். குஸ்தாவோ டிரைஃபாரி இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்திலிருந்து நியூயார்க் போனவர், பரம்பரையாகப் பொற்கொல்லர் தொழில். 1910 வாக்கில் தனியாகக் கடை போட்டார், பிறகு லியோ கிரஸ்மேன், கார்ல் ஃபிஷெல் என்ற இருவர் கூட்டுச் சேர்ந்தார்கள். கம்பெனியைத் தூக்கி நிறுத்தியவர் என்று நான் சொல்வது இந்த மூவரையும் அல்ல, 1930-ல் வந்து 1968 வரை தலைமை வடிவமைப்பாளராக இருந்த ஆல்ஃபிரட் ஃபிலிப்பை. அவர் அதற்கு முன்னால் கார்டியே, வான் கிளீஃப் மாதிரியான அசல் வைர வியாபாரிகளுக்கு வேலை செய்தவர், அதனால் வைரத்துக்கும் மாணிக்கத்துக்கும் கற்ற கையை அப்படியே கண்ணாடிக் கல்லுக்குக் கொண்டுவந்துவிட்டார். கல் பதிக்கும் சுத்தம், பின்பக்கத்தைக்கூட இழைத்து முடித்திருக்கும் விதம் எல்லாம் அங்கிருந்து வந்ததுதான். 1953-ல் அமெரிக்க ஜனாதிபதியாக ஐசனோவர் பதவியேற்றபோது நடந்த விருந்துக்கு அவர் மனைவி மேமி போட்டுக்கொண்டு போனது அசல் முத்து இல்லை, இந்த ஃபிலிப் செய்து கொடுத்த டிரைஃபாரி செட். ஜனாதிபதி வீட்டு அம்மா 'கவரிங்' போட்டுக்கொண்டு அத்தனை கேமராவுக்கு முன்னால் நின்றார் என்றால் நம்ம ஊரில் நம்பவே மாட்டார்கள்.

உங்கள் புரோச் எந்தக் காலத்தது என்று நீங்களே பார்க்கலாம். ஒரு லென்ஸ் எடுங்கள், வாட்ச் கடைக்காரர் வைத்திருப்பாரே அதுபோதும். பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆங்கில 'சி' எழுத்து, அதாவது காப்புரிமைக் குறி, இருக்கிறதா? இருந்தால் பெரும்பாலும் 1955-க்குப் பிந்தையது. அந்த வருஷம்தான் டிரைஃபாரி தன் வடிவத்தைக் காப்பியடித்த இன்னொரு கம்பெனிமேல் வழக்குப் போட்டு, நகையும் கலைப்படைப்புதான், அதற்கும் காப்புரிமை உண்டு என்று நியூயார்க்கில் தீர்ப்பு வாங்கியது. அதிலிருந்து எல்லாக் கம்பெனியும் அந்தக் குறியைப் போட ஆரம்பித்துவிட்டது. அதற்கு முந்தையவற்றில் 'பேட்டண்ட் பெண்டிங்' என்பதன் சுருக்கமோ, பேட்டண்ட் எண்ணோ இருக்கும். 'ஸ்டெர்லிங்' என்று எழுதியிருந்தால் இன்னும் நல்லது, அது இரண்டாம் உலகப் போர்க் காலத்து வெள்ளி. ஈயம் கலந்த வெள்ளை உலோகமெல்லாம் ராணுவத்துக்குப் போய்விட்டதால் 1942 முதல் போர் முடிந்து சிறிது காலம் வரை வெள்ளியில் செய்து தங்க முலாம் பூசினார்கள்.

பெரியம்மாவுக்கு எப்படி வந்திருக்கும் என்றும் கேட்டிருந்தீர்கள். மதுரையில் அமெரிக்க மிஷன் 1834-லிருந்து இருக்கிறது, 1948-ல் கேட்டி வில்காக்ஸ் அம்மையார் தொடங்கிய லேடி டோக் கல்லூரியும் அந்த வழியில் வந்ததுதான். அங்கிருந்து வந்த டீச்சரம்மாக்கள் ஊருக்குப் போய்த் திரும்பும்போது கூட வேலை பார்ப்பவர்களுக்குக் கொண்டுவந்து கொடுத்த சாமான்கள் இந்த ஊர்ப் பழைய பெட்டிகளில் அவ்வப்போது வெளியே வருகின்றன. சேலைத் தலைப்பைத் தோளில் குத்தப் புரோச் வைப்பது அந்தக் காலத்து டீச்சர்களுக்கு வழக்கம் வேறு. உங்கள் பெரியம்மா கதையும் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம், பழைய போட்டோக்களில் தோளைப் பாருங்கள், அதே புரோச் இருந்தால் அந்தப் போட்டோவையும் சேர்த்தே பத்திரப்படுத்துங்கள்.

கோரோ வேறு ரகம். இமானுவேல் கோன், கார்ல் ரோசன்பெர்கர் என்ற இருவர் 1901-ல் தொடங்கிய வியாபாரம், அமெரிக்காவின் ராட் ஐலண்ட் மாநிலத்துப் பிராவிடன்ஸ் நகரத்தில் பெரிய தொழிற்சாலை. மலிவுக் கடையிலிருந்து உசத்திக் கடை வரை எல்லாருக்கும் ஒவ்வொரு விலையில் செய்து குவித்தார்கள். அதனால் வெறும் 'கோரோ' என்று இருப்பதற்குப் பெரிய விலை கிடையாது, 'கோரோகிராஃப்ட்' என்று இருந்தால் அது அவர்களின் உயர்ந்த வரிசை. உங்கள் தோடு புதுசு மாதிரியே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்காதா பின்னே? காது குத்தாத ஊர்க்காரர்களுக்காகச் செய்த கிளிப் அது, காது குத்தாத பெண்ணை மதுரைப் பக்கம் எங்கே தேடுவது, பெட்டிக்குள்ளேயே கிடந்திருக்கும்.

மணிமாலை பொஹீமியா என்ற செக் பகுதியின் கண்ணாடி. யாப்லோனெட்ஸ் என்ற ஊரைச் சுற்றி வீட்டுக்கு வீடு மணி கோக்கிற தொழில், நம்ம பக்கம் வீட்டுக்கு வீடு சுங்குடி முடிச்சுப் போட்ட மாதிரி. செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடு 1918-ல் பிறந்து 1992 முடிவோடு பிரிந்தது, ஆகவே உங்கள் மாலை அதற்குள் செய்தது. வட்டக் கொக்கியில் அந்தப் பெயர் பொடி எழுத்தில் இருந்தால் பெரும்பாலும் இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் உள்ளது.

விலைக்கு வருவோம். சாதாரண டிரைஃபாரி புரோச் வெளிநாட்டில் இணையத்தில் 20, 30 டாலருக்குத்தான் போகிறது. ஃபிலிப்பின் பெயர்பெற்ற வடிவங்கள், முக்கியமாக வயிற்றில் கண்ணாடி போன்ற லூசைட் பிளாஸ்டிக் வைத்துச் செய்த மிருக உருவங்கள், நூற்றுக்கணக்கான டாலர் போகும், அவற்றுக்குப் போலியும் உண்டு. உங்களுடையது இலை, அதனால் லட்சாதிபதி ஆகமாட்டீர்கள். ஆனால் எடைக்குப் போடுகிற சாமானும் இல்லை. தேவை இல்லையென்றால் விற்கலாம், நானாக இருந்தால் விற்கமாட்டேன்.

ஒரு எச்சரிக்கை. புரோச்சுக்கு மறுபடியும் முலாம் பூசித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். மைக்ரோ பிளேட்டிங் போட்டால் பளபளக்கும், பழைய பூச்சு போய்விடும், அதோடு வாங்குபவரும் போய்விடுவார். தண்ணீரிலும் போடக்கூடாது. கண்ணாடிக் கல்லுக்குப் பின்னால் மெல்லிய வெள்ளித்தாள் மாதிரி ஒரு பூச்சு இருக்கிறது, ஒளி திரும்பி வருவது அதனால்தான். ஈரம் உள்ளே போனால் கல் கறுத்துவிடும், பிறகு எதைச் செய்தாலும் திரும்பாது.

இதே எச்சரிக்கை அப்பத்தாவின் அட்டிகைக்கும், இன்னும் கடுமையாகவே. நம்ம பழைய கல் நகையெல்லாம் பின்பக்கம் மூடிக் கட்டியது, கல்லுக்கு அடியில் தாள் வைத்து, அதற்கும் அடியில் அரக்கு. வீட்டில் பெரியவர்கள் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிரஷ்ஷால் தேய்ப்பார்களே, அது கல் இல்லாத செயினுக்கும் வளையலுக்கும் மட்டும் சரி. பின்பக்கம் மூடிய கல் கட்டுக்குள் தண்ணீர் போனால் சிவப்பு செத்துவிடும். அட்டிகையை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும், அழுக்கு கொஞ்சம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

அட்டிகையில் பெயர் தேடாதீர்கள், இருக்காது. அமெரிக்காவில் ஈயத்துக்கும் கண்ணாடிக்கும் பெயர் போட்டு விற்றார்கள், இங்கே இருபத்திரண்டு காரட்டில் கல் பதித்த ஆசாரி ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. வீட்டுக்கு ஒரு குடும்ப ஆசாரி, அவருக்கு எதற்கு முத்திரை? மெட்ராஸ் மவுண்ட் ரோட்டு பி. ஆர் அண்டு சன்ஸ் மாதிரி வெள்ளைக்காரர்களுக்கு வெள்ளிச் சாமான் விற்ற கடைகள்தான் பெயர் பொறித்தன. ஆகவே இங்கே வேலையைத்தான் படிக்க வேண்டும். திருப்பிப் பாருங்கள், பின்தகட்டிலும் சித்திர வேலை இருக்கிறதா, ஓரங்களில் பட்டுக் கயிறு கோக்க வளையம் இருக்கிறதா, கல்லைச் சுற்றித் தங்கம் அமுக்கி மூடியிருக்கிறதா, இல்லை நகம்போல் பிடித்திருக்கிறதா? முதல் மூன்றும் இருந்தால் பழைய கை வேலை என்று நம்பலாம். அமெரிக்கன் டைமண்ட் என்று நாம் சொல்கிற ஜிர்கோனியா வெள்ளைக்கல் நடுவில் இருந்தால், ஒன்று நகையே 1970-களின் பிற்பாதிக்குப் பிந்தையது, இல்லையென்றால் பிற்பாடு கல் மாற்றியிருக்கிறார்கள்.

சிவப்புக்கல் பர்மா மாணிக்கமா என்ற கேள்விக்கு அவசரப்பட்டுச் சந்தோஷப்படவும் வேண்டாம். அகஸ்ட் வெர்னுய் என்ற பிரெஞ்சுக்காரர் தீச்சுடரில் பொடியை உருக்கி மாணிக்கம் வளர்க்கும் முறையை 1902-ல் வெளியிட்டார், அதன்பிறகு செயற்கைச் சிவப்பு உலகமெங்கும் மலிந்துவிட்டது. ஆகவே நூறு வருஷப் பழைய நகை என்பதாலேயே கல் இயற்கை ஆகிவிடாது. பத்து மடங்கு லென்ஸில் வளைந்த கோடுகளும் உருண்டைக் குமிழ்களும் தெரிந்தால் வெர்னுய் கல். கெம்பு என்று கட்டியவற்றில் வெறும் கண்ணாடியும் நிறைய. சிலர் புற ஊதா விளக்கைக் காட்டி, சிவப்பாக ஒளிர்கிறது பாருங்கள், பர்மாதான் என்பார்கள். செயற்கை மாணிக்கமும் அப்படியே ஒளிரும், அதை வைத்து முடிவு கட்ட முடியாது. கல் பதித்த கட்டைப் பிரிக்காமல் லேபில் முழுசாகச் சொல்வதும் கஷ்டம். நான் சொல்வது, கட்டைப் பிரிக்காதீர்கள். விற்பதாக முடிவு செய்தால் மட்டும் அந்தச் செலவைப் பாருங்கள்.

தங்கத்தின் தரம். பஜாரில் மெஷினில் வைத்துப் பார்ப்பார்கள், அந்த எக்ஸ்-ரே மேற்பரப்பை மட்டும்தான் படிக்கும், உள்ளே பற்றவைக்கும் பொடி வைத்து ஒட்டிய இடம் தெரியாது. 1963 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது என்று விதி வந்தது, பொற்கொல்லர் குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன, 1966-ல் அதைத் தளர்த்தினார்கள். அப்பத்தா அந்த இடைவெளியில் செய்திருந்தால் காரட் குறையலாம். ஹால்மார்க் இல்லையே என்று கவலைப்படாதீர்கள், தங்கத்துக்கு அது இங்கே 2000-த்தில்தான் வந்தது, கட்டாயமானது 2021-ல், அதுவும் விற்கிற கடைக்குத்தான். வீட்டு நகையை முத்திரை இல்லாமலே நீங்கள் விற்கலாம். தரம் தெரிய வேண்டுமென்றால் வாங்கப்போகிற கடையில் கேட்காமல் ஹால்மார்க் மையத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகத் தண்டட்டி. இதில் நான் பிடிவாதக்காரன். மெல்லிய தங்கத் தகட்டில் கோணம் கோணமாகச் செய்து உள்ளே அரக்கு நிரப்பியது, எடுத்துப் பார்த்தால் கனம், உருக்கினால் கொஞ்சம்தான் மிஞ்சும். மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்துப் பாட்டிகள் காது வளர்த்துப் பாம்படம், தண்டட்டி போட்டிருந்தார்கள். அடுத்த தலைமுறை அதைப் பட்டிக்காடு என்று நினைத்து, காதை அறுத்துத் தைத்துக்கொண்டு நகையை உருக்கிவிட்டது. அதனால்தான் இப்போது கண்ணில் படுவதில்லை. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பாம்படத்தைச் சேகரித்து வைத்திருக்கிறார்கள், இங்கே நாம் அரக்குக் கழிவு எவ்வளவு என்று பேரம் பேசுகிறோம். எடைக்குப் போட்டால் தங்கத்தின் விலை மட்டும், ஜோடியாக வைத்திருந்தால் சேகரிப்பவர்கள் தேடி வருவார்கள்.

உங்கள் வீட்டில் பங்கு பிரிக்க வேண்டிய நிலைமை, தம்பி உருக்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவரிடம் கணக்காகப் பேசுங்கள். பழையதைப் போடும்போது கல்லும் அரக்கும் கழியும், கல்லுக்குப் பைசா தரமாட்டார்கள், புதியதை எடுக்கும்போது சேதாரம், செய்கூலி, ஜிஎஸ்டி. இரண்டு பக்கமும் உங்களுக்குத்தான் நஷ்டம். அன்றைய விலைக்கு அவருடைய பங்கைப் பணமாகக் கொடுத்துவிட்டு நகையை நீங்கள் வைத்துக்கொள்வது மலிவு. அப்படியும் விற்றே ஆகவேண்டும் என்றால் மொத்த எடை, கழிவு எடை, காரட் மூன்றையும் தனித்தனியாகச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள், எழுதித் தராத கடையில் கொடுக்காதீர்கள், பிரித்தெடுத்த கற்களை ஒன்றுவிடாமல் பொட்டலத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.