வாலிபர் கூடுகைக்கு இலவச ஆட்டங்களும் ஸ்லைடுகளும்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். எங்கள் சபையில் வாலிபர் கூடுகையை நடத்தும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். 13 முதல் 20 வயது வரை இருபத்தைந்து பேர் வருவார்கள். வாரம் ஒன்றரை மணி நேரம். இதற்கென்று தனி நிதி கிடையாது. இணையத்தில் தேடி, இருநூறு ஆட்டங்கள், முந்நூறு ஸ்லைடு மாதிரிகள் என்று நிறைய இறக்கி வைத்திருக்கிறேன். அவற்றிலிருந்து ஒன்றை எடுத்து நடத்தினால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள், பாதிப் பேர் சுவரோரம் ஒதுங்கிப் போனை எடுத்துவிடுகிறார்கள். ஸ்லைடும் அப்படித்தான். வீட்டில் ஒழுங்காகத் தெரிந்த தமிழ் எழுத்து, சபைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வருகிறது. எந்த மென்பொருள் நல்லது, படங்கள் எங்கே கிடைக்கும், பாடல் வரிகளைத் திரையில் போடுவது சட்டப்படி சரியா? கொஞ்சம் விவரமாக எழுதுவீர்களா? என் பெயர் வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்

அன்புள்ள சகோதரிக்கு,

ஸ்தோத்திரம். இருநூறு ஆட்டங்கள் உங்களுக்குத் தேவையில்லை. பத்து போதும். அந்தப் பத்தைப் பொறுக்கி எடுக்க ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஆட்டம் தொடங்கிய ஐந்தாவது நிமிஷத்தில் எத்தனை பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்? இலவசத் தொகுப்புகளில் பெரும்பகுதி ‘அவுட்’ ஆக்கும் ஆட்டங்கள். நாற்காலி ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 25 பேரில் சுற்றுக்கு ஒருவராக வெளியேறினால், பத்தாவது சுற்றில் பத்துப் பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். முதலில் வெளியேறுவதும் பெரும்பாலும் கூச்ச சுபாவிகளும் புதிதாக வந்தவர்களும்தான். யாரை இழுத்துப் பிடிக்கக் கூடுகை வைக்கிறோமோ, அவர்களைத்தான் அது முதலில் சுவரோரம் அனுப்புகிறது.

கல், காகிதம், கத்தரி எல்லோருக்கும் தெரியும். அதையே போட்டியாக நடத்துங்கள். இருவர் இருவராக ஆட வேண்டும், தோற்றவர் உட்காரக் கூடாது. ஜெயித்தவரின் பின்னால் நின்று அவர் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும். ஜெயித்தவர் இன்னொரு ஜெயித்தவரோடு மோதுவார். அதில் தோற்றவர் தன் கூட்டத்தையும் சேர்த்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவார். 25 பேர் 13 ஆகி, 7, 4, 2 என்று குறைந்து ஐந்தாவது சுற்றில் முடிந்துவிடும். ஜோடி இல்லாதவர் அந்தச் சுற்றில் ஆடாமலே அடுத்ததற்குப் போகலாம். ஐந்து நிமிஷம்கூட ஆகாது, பொருள் எதுவும் வேண்டாம். கடைசி மோதலில் கூடம் இரண்டாகப் பிரிந்து இரண்டு பெயர்களைக் கத்திக்கொண்டிருக்கும். அதில் ஒன்று அன்றைக்குத்தான் வந்தவரின் பெயராக இருந்தால் அவரை நீங்கள் தனியாக அறிமுகப்படுத்த வேண்டியதே இல்லை.

அறிமுகத்துக்கு இன்னொன்று, ஆள் தேடும் பிங்கோ. தொகுப்புகளில் ஐந்துக்கு ஐந்து கட்டமாக இருக்கும். 25 பேருக்கு அது அதிகம், நான்குக்கு நான்கு போட்டுக்கொள்ளுங்கள். ‘இசைக்கருவி வாசிப்பவர்’, ‘மூன்று மொழி பேசுபவர்’, ‘சங்கீதம் ஒன்றை முழுக்க மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்’ என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்று. பொருந்துகிற ஆளைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு தாளில் ஒருவர் ஒரு முறைதான் கையெழுத்துப் போடலாம். இந்த விதியை விட்டால் நான்கு நண்பர்கள் மூலையில் உட்கார்ந்தே பதினாறு கட்டத்தையும் நிரப்பிவிடுவார்கள். வெளிநாடு போனவர், புதுப் போன் வாங்கியவர், காதலிப்பவர் போன்ற கட்டங்கள் ஆங்கிலத் தொகுப்புகளில் தாராளமாக இருக்கும். அப்படியே மொழிபெயர்த்துப் போட்டுவிடாதீர்கள். வீட்டு வசதியையும் தோற்றத்தையும் தொடும் எந்தக் கட்டமும் யாரோ ஒருவரைக் கூசவைக்கும்.

வசனம் தேடும் போட்டி நம் சபைகளில் காலங்காலமாக இருப்பதுதான். வேதாகமம் மூடியிருக்க வேண்டும், வசன எண்ணை இரண்டு முறை சொல்லி ‘தேடு’ என்றதும் திறக்க வேண்டும், முதலில் எழுந்து வாசிப்பவருக்கு மதிப்பெண். இதில் ஒவ்வொரு வாரமும் அதே மூன்று பேர்தான் ஜெயிப்பார்கள், மற்றவர்கள் இரண்டாவது வசனத்தோடு முயற்சியை விட்டுவிடுவார்கள். விதியை இப்படி மாற்றுங்கள்: ஐந்து பேர் கொண்ட குழு, ஐவரின் விரலும் அந்த வசனத்தின்மேல் இருந்தால்தான் குழு எழலாம். வேகமாகத் தேடுபவர் பக்கத்திலிருப்பவருக்கு ஆபகூக் எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தே தீர வேண்டும். போன் செயலியில் தேடுவதும் காகிதத்தில் தேடுவதும் ஒரே போட்டி ஆகாது. காகிதம் மட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கைகளைக் கோத்துச் சிக்கலை அவிழ்க்கும் மனித முடிச்சு எட்டு முதல் பத்துப் பேர் வரைதான் சரிப்படும். அதற்கு மேல் போனால் நெரிசலும் மணிக்கட்டு முறுக்கலும்தான் மிஞ்சும். கையைப் பிடிக்கத் தயங்குபவர்கள் இருப்பார்கள். ஆளுக்கொரு கைக்குட்டை கொடுத்து அதன் முனையைப் பிடிக்கச் சொன்னால் தயக்கமும் போகும், மணிக்கட்டும் தப்பிக்கும். சில முடிச்சுகள் எப்படியும் அவிழாது, இரண்டு தனி வளையங்களாகவும் முடியலாம். ஏழெட்டு நிமிஷத்தில் நிறுத்திவிடுங்கள்.

தொகுப்புகளிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு அழிக்க வேண்டிய ஆட்டம் ஒன்று உண்டு. வாய் நிறையப் பஞ்சு மிட்டாய் மாதிரியான தின்பண்டத்தை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு ஒரு சொற்றொடரைச் சொல்லும் ஆட்டம். பழைய தொகுப்புகளில் இன்னமும் இருக்கிறது. மூச்சுக்குழாய் அடைத்து இதில் உயிரே போயிருக்கிறது. யார் வேகமாகச் சாப்பிடுகிறார் என்ற போட்டிகளையும் இதோடு சேர்த்துத் தூக்கி எறியுங்கள்.

விதியை விளக்க ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகிறதென்றால் அந்த ஆட்டம் உங்கள் கூட்டத்துக்கு ஆகாது, அல்லது நான்கு பேரை முன்னால் நிறுத்தி ஆடிக் காட்ட வேண்டும். உற்சாகம் உச்சத்தில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். ‘இன்னும் ஒரு தடவை’ என்று கேட்டால் அடுத்த வாரம் என்று சொல்லலாம்.

இனி திரை. சுவரோரம் நிற்பவரை வைத்து ஆட்டத்தைச் சோதித்தது போல, ஸ்லைடைக் கடைசி வரிசைக்காரரை வைத்துச் சோதியுங்கள். திரையின் அகலத்தை அளந்து, கடைசி நாற்காலி எவ்வளவு தூரம் என்றும் பாருங்கள். திரை 2 மீட்டர், நாற்காலி 12 மீட்டர் என்றால் ஆறு மடங்கு. 14 அங்குல லேப்டாப் திரையின் அகலம் 31 செ.மீ., அதன் ஆறு மடங்கு ஏறக்குறைய 1.9 மீட்டர். வீட்டில் லேப்டாப்பை மேசைமேல் வைத்து அவ்வளவு தூரம் தள்ளி நின்று வாசியுங்கள். வாசிக்க முடியவில்லை என்றால் அங்கேயும் முடியாது. பெரும்பாலும் எழுத்தளவு 32 புள்ளிக்குக் கீழே இறங்க முடியாது என்பது தெரிந்துவிடும். ஒரு ஸ்லைடில் ஆறு வரிக்கு மேலும் வேண்டாம். தமிழில் மேலே புள்ளியும் கீழே சுழியும் இருப்பதால் வரி இடைவெளி 1.2 வைத்தால்தான் ஒன்றோடொன்று இடிக்காது. தடித்த எழுத்து எடுப்பாகத் தெரியும் என்று நினைப்போம். தூரத்தில் ண, ன இரண்டின் சுழிகளும் அடைந்துபோய் ஒன்றுபோல் ஆகிவிடும்.

எழுத்து கட்டம் கட்டமாக வருவது, நீங்கள் பயன்படுத்திய எழுத்துரு அந்தக் கம்ப்யூட்டரில் இல்லாததால். எழுத்துக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக வந்தால் அது வேறு நோய்: கோப்பு பாமினி போன்ற பழைய முறையில் தட்டச்சு செய்யப்பட்டது. பழைய பாடல் கோப்புகள் பல அப்படித்தான் இருக்கின்றன. அவற்றை ஒரு தடவை யுனிகோட் மாற்றியில் போட்டு மாற்றி வைத்துவிட்டால் பிறகு தொல்லை இல்லை. மாற்றிய பிறகு ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ வரும் இடங்களை மட்டும் கண்ணால் சரிபாருங்கள். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் போன்றவை கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம், எந்தப் பயன்பாட்டுக்கும் தடையில்லாத உரிமத்தோடு. சபைக் கம்ப்யூட்டரிலும் நிறுவிவிடுங்கள். நிறுவ அனுமதி இல்லையென்றால் விண்டோஸ் 8 முதல் கூடவே வரும் நிர்மலா யுஐ எழுத்துருவில் தயாரியுங்கள். பிடிஎஃப் ஆக்கினாலும் எழுத்து மாறாது, ஆனால் அனிமேஷன் போய்விடும்.

மென்பொருள் விஷயத்தில் காசு கொடுக்கவே வேண்டாம். பாடலும் வசனமும் அதிகம் போடுகிறீர்கள் என்றால் ஓப்பன்எல்பி அல்லது ஃப்ரீஷோ. இரண்டும் திறமூல மென்பொருள், முழுக்க இலவசம். ஃப்ரீஷோ பார்வைக்கு நவீனமானது. ஓப்பன்எல்பியில் பாட்டைத் தட்டச்சு செய்யும்போது சரணங்களையும் பல்லவியையும் தனித்தனியாகக் குறித்துவிட்டு, எந்த வரிசையில் பாட வேண்டும் என்று ஒரு வரியில் கொடுத்தால் போதும். பல்லவியை நான்கு தடவை தட்ட வேண்டியதில்லை. ஒரே வைஃபையில் இருந்தால் போன் பிரவுசரிலிருந்தே வரிகளை நகர்த்தலாம். கூடுகையில் இரண்டு பாட்டும் ஒரு செய்தியும்தான் என்றால் லிபர்ஆஃபிஸ் இம்ப்ரெஸ் தாராளமாகப் போதும்.

நீண்ட வசனத்தை இரண்டு ஸ்லைடாக வெட்டும்போது கவனம் வேண்டும். ரோமர் 8:38, 39 முழுக்க ஒரே வாக்கியம். வினை கடைசியில்தான் வருகிறது. அடுக்கிக்கொண்டே போகும் பட்டியலை எங்காவது ஒரு காற்புள்ளியில் வெட்டி, தேவனுடைய அன்பைப் பற்றிய கடைசிப் பகுதியை உடைக்காமல் இரண்டாவது ஸ்லைடில் வையுங்கள். எழுத்தளவைக் குறைத்து ஒன்றில் அடக்கப் பார்க்காதீர்கள்.

வினாடி வினாப் பலகை மாதிரிகள் நிறைய இலவசமாகக் கிடைக்கின்றன. சபைக் கம்ப்யூட்டரில் பவர்பாயிண்ட் ஏற்கெனவே இருந்தால் நீங்களே அரை மணியில் செய்யலாம். ஐந்துக்கு ஐந்து வேண்டாம். கேள்விக்கு ஒன்றரை நிமிஷம் என்றாலும் 25 கேள்விக்கு நாற்பது நிமிஷம் போய்விடும். நான்கு தலைப்பு, தலைப்புக்கு மூன்று கேள்வி, ஆக 12. முதல் ஸ்லைடில் அட்டவணை போட்டு 100, 200, 300 என்று எழுதுங்கள். பெட்டியை அல்ல, அந்த எண்ணையே தேர்ந்தெடுத்து அதற்குரிய கேள்வி ஸ்லைடுக்கு இணைப்புக் கொடுங்கள். எண்ணுக்குக் கொடுத்தால்தான் சொடுக்கிய பிறகு நிறம் மாறும், பெட்டிக்குக் கொடுத்தால் மாறாது. டிசைன் பகுதியில் நிறங்களைத் திருத்தும் இடத்துக்குப் போய், ‘பார்த்த இணைப்பு’ நிறத்தைக் கட்டத்தின் பின்னணி நிறமாகவே வைத்துவிட்டால், ஆடி முடித்த எண் தானாக மறைந்துவிடும். கேள்வி ஸ்லைடு ஒவ்வொன்றிலும் பலகைக்குத் திரும்ப ஒரு பொத்தான். கடைசியாக, டிரான்சிஷன்ஸ் பகுதியில் ‘ஆன் மவுஸ் கிளிக்’ குறியை எல்லா ஸ்லைடுகளுக்கும் எடுத்துவிடுங்கள். இதை மறந்தால் கை தவறி வெற்றிடத்தில் சொடுக்கியதும் அடுத்த கேள்வி வெளியாகிவிடும். அம்புக்குறி விசைகளுக்கு இந்தத் தடை செல்லாது, ஆட்டம் முடியும்வரை அவற்றைத் தொடாதீர்கள்.

எல்லோரிடமும் போன் இருந்து நெட்டும் நன்றாக இருந்தால், போனிலேயே விடையைத் தட்டும் வினாடி வினாவான கஹூட் கலகலப்பாக இருக்கும். இலவசக் கணக்கில் எத்தனை பேர் சேரலாம் என்பது மாறிக்கொண்டே இருக்கிறது. முந்தைய நாளே பார்த்துக்கொள்ளுங்கள். போன் இல்லாதவர்கள் இருந்தால் பிளிக்கர்ஸ் மேல். ஆளுக்கொரு அச்சிட்ட அட்டை, அதை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்கிறார்களோ அதுதான் விடை. உங்கள் ஒரே போன் கேமரா எல்லோரின் விடையையும் படித்துவிடும். விரல் அட்டையின் வடிவத்தை மறைத்தாலும், பளபளப்பான உறை போட்டிருந்தாலும் படிக்காது.

ப்ரொஜெக்டரை இணைத்ததும் விண்டோஸ் விசையோடு P அழுத்தி ‘எக்ஸ்டெண்ட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘டூப்ளிகேட்’டில் விட்டால் உங்கள் வாட்ஸ்அப் செய்தி ஜெபத்தின் நடுவே திரையில் குதிக்கும். பேசும்போது திரை வேண்டாமென்றால் பவர்பாயிண்ட் ஓடும்போது B மட்டும் அழுத்துங்கள், கறுப்பாகிவிடும். மறுபடி அழுத்தினால் திரும்பி வரும்.

படங்களுக்கு அன்ஸ்ப்ளாஷ், பெக்சல்ஸ், பிக்ஸாபே மூன்றும் போதும். வேதாகமக் கதைகளை வரிசையாகச் சொல்லும் படத்தொகுப்புகள் ஃப்ரீபைபிள்இமேஜஸ் தளத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு தொகுப்புக்கும் தனி நிபந்தனை உண்டு, இறக்கும்போதே அதை வாசித்துவிடுங்கள். பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் டோரே 1866இல் வெளியிட்ட வேதாகமச் சித்திரங்களுக்குக் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் அவை நுணுக்கமான கோட்டுச் சித்திரங்கள். வெளிச்சமான கூடத்தில் மங்கலான ப்ரொஜெக்டரில் வெறும் சாம்பலாகத் தெரியும். ஒரு முகத்தையோ கையையோ மட்டும் வெட்டிப் பெரிதாக்கிப் போட்டால் எடுபடும்.

பாடல் வரிகள்: இணையத்தில் கிடைக்கிறது என்பதால் திரையில் போட அனுமதி கிடைத்துவிடாது. பாடலாசிரியர் மறைந்து நீண்ட காலமான பழைய கீர்த்தனைகளுக்குப் பிரச்சினை இல்லை. உயிரோடிருப்பவர்களின் பாட்டுக்கு உரிமம் தேவை. சிசிஎல்ஐ போன்ற நிறுவனங்கள் சபைகளுக்கு மொத்த உரிமம் தருகின்றன, நேரலையில் காட்ட அதற்கு மேல் வேறு உரிமம். எல்லாத் தமிழ்ப் பாடல்களும் அதில் அடங்காது. இல்லாததற்குப் பாடலாசிரியருக்கே எழுதிக் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் சபைக்கு உரிமம் ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் போதகரிடம் விசாரியுங்கள். வசனத்துக்கு இந்தியத் திருத்திய பதிப்பு 2019 திறந்த உரிமத்தில் இருக்கிறது. பெயரைக் குறிப்பிட்டால் ஸ்லைடில் போடலாம், பகிரலாம்.

நீங்கள் செய்யும் பலகைகளை மற்ற சபைகளுக்குக் கொடுக்க நினைத்தால் பிடிஎஃப் ஆக அல்லாமல் திருத்தக்கூடிய கோப்பாகவே கொடுங்கள். உங்களுக்கு மட்டும் அனுமதி கிடைத்த படங்களை எடுத்துவிட்டு, எழுத்துருவின் பெயரையும், யாரும் மாற்றிப் பயன்படுத்தலாம் என்பதையும் முதல் ஸ்லைடிலேயே எழுதிவிடுங்கள்.

அன்புடன்.