போயாவுக்கு முதல்நாள் வரிசை

கேள்வி: இலங்கையில் பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் சாராயக் கடைகளை மூடுகிறார்கள். என் கணவர் முதல்நாள் பின்னேரமே இரண்டு போத்தல் வாங்கி வைத்துவிடுகிறார். இந்தச் சட்டத்தால் யாருக்கு என்ன இலாபம்?
- ஒரு வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: அந்த வரிசையை நானும் பார்க்கிறேன், சகோதரி. என் வீட்டுக்குப் போகும் வழியிலும் ஒரு கடை உண்டு. கம்பிவலைக்குள்ளிருந்து போத்தலைப் பழைய பத்திரிகையில் சுற்றி நீட்டுவார்கள். சில நாள் அது நம் பத்திரிகையாகவும் இருக்கும்!

உங்கள் கணவரைப் போலத் திட்டம் போட்டுக் குடிப்பவரை ஒருநாள் பூட்டு தடுக்காது. 'போகிற வழியில் ஒரு கால் போத்தல்' என்று நினைப்பவரைத்தான் தடுக்கும். சுவீடனில் 2000இல் சில மாகாணங்களில் மட்டும் மதுக்கடைகளைச் சனிக்கிழமையும் திறந்து பார்த்தார்கள். விற்பனை ஏறத்தாழ 4 சதவீதம் கூடியது. அடிதடி கூடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

விலைக்குப் பலம் அதிகம். ஸ்கொட்லாந்து 2018இல் மதுவுக்குக் குறைந்தபட்ச விலை வைத்தது. மதுவால் நேரும் மரணங்கள் அதனால் சுமார் 13 சதவீதம் குறைந்ததாக ஆய்வாளர்கள் கணித்தார்கள். ஆனால் இங்கே சாராய விலை ஏறினால் கசிப்பு என்ற கள்ளச்சாராயம் விற்பவனுக்குக் கொண்டாட்டம். அவனையும் பிடிக்காமல் வரியை மட்டும் கூட்டிப் பயனில்லை.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். குடிக்காத காலையில் அவருக்குக் கை நடுங்குகிறதா, வியர்க்கிறதா? அப்படியென்றால் போத்தலை ஒளித்துவைத்துத் திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள், வலிப்பு வரலாம். முதலில் வைத்தியரிடம் கூட்டிப்போங்கள்.